நாற்பத்தோராவது மாற்றம்

புதன்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு இத்தனை பக்கம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. நம் வீட்டு போனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, சமையல் மேடையில் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிடுவாள். அப்பா கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ அம்மாவிடம் பேசுவாய். அப்பாவும் அம்மாவிடம்தான் பேசுவார். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாக விழுந்துகொண்டே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டீர்கள். அந்த ஸ்பீக்கரில் நான் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மெசேஜில் எழுதலாம். ஆனால் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, அதனால்தான் கடிதம்.

உன்னோடு கப்பல் பட்டறையில் வேலை செய்யும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கூடவே ஒரு பார்சல் இருக்கும். இரண்டு ஸ்வெட்டர், முட்டிக்குத் தேய்க்கிற தைலம், ஆறு சோப்பு. சோப்பு அங்கே கிடைக்கும் என்று நான் சொன்னேன். “கிடைக்கும், ஆனா அவன் வாங்க மாட்டான்” என்றாள் அம்மா. முட்டிவலி அவளுக்குத்தான், தைலம் உனக்கு. நீயும் நின்றுகொண்டே வேலை செய்கிறவன் என்பது அவள் கணக்கு.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் சொன்னேன், அப்போது குக்கர் விசிலடித்தது, உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. குடிநீர் அலுவலகத்தில் ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு மேஜை. வரும் புகார்களுக்கெல்லாம் பதில் எழுதுவது என் வேலை. மேலதிகாரி என் கடிதங்கள் நன்றாக இருக்கின்றன என்கிறார். “எழுத்துல இருக்கிற சத்தத்துல பாதி குரல்ல இருந்தா போதும்மா” என்றும் சொல்கிறார். என் அடையாள அட்டையை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடப் பார்த்துவிட்டார். நம் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

இனி வாசலில் நிற்கும் உன் கார் விஷயம்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘வண்டிய வித்துடு. அப்பாவுக்கு வாசலாவது திரும்பக் கிடைக்கட்டும். வர்ற பணத்துல வாசலுக்கு நிழல் கூரை போட்டுக்கோங்க.’ பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, “அவன் வண்டி. விக்கச் சொன்னா விக்க வேண்டியதுதான். நான் யாரு நடுவுல?” என்றார், அம்மாவிடம். அதோடு பேப்பரைத் திருப்பினார். அது ஏற்கெனவே படித்து முடித்த பக்கம்.

விளம்பரம் எழுதுவது என் பொறுப்பானது. இந்த மூன்று வருஷமும் அவ்வப்போது வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்த உன் நண்பன் ஸ்பானர், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள் வந்து, வண்டியில் நீங்கள் இரண்டு பேரும் செய்த மாற்றங்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நாற்பத்தொன்று. டர்போ, இன்டர்கூலர், ஸ்பிரிங், சீட்டு, சைலன்சர் என்று ஜப்பான்காரன் செய்து அனுப்பியதில் கூரையையும் கதவையும் தவிர எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தது. கடைசியாக, “நாப்பத்தி ஒண்ணு, கியர் குமிழ், பழசு” என்றான். எல்லாம் புதிதாக மாற்றியிருக்கும்போது அது மட்டும் ஏன் பழசு என்று கேட்டேன். “அத உங்க அண்ணன்கிட்ட கேளு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குத் தெரிந்த மொழியில்தான் விளம்பரம் எழுத முடிந்தது. ‘மேற்படி வாகனம் நல்ல நிலையில் உள்ளது. விருப்பமுள்ளோர் உரிய முன்னறிவிப்புடன் நேரில் பார்வையிடலாம்.’ உங்கள் கார் குழுவில் யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டு, ‘டேய், காருக்கு டெண்டர் விட்டிருக்காங்கடா’ என்று சிரித்தார்களாம். விற்பதற்கான காரணம் என்ற இடத்தை இரண்டு நாள் காலியாக வைத்திருந்துவிட்டு, ‘இடமின்மை’ என்று நிரப்பினேன். அழைக்க வேண்டாம், செய்தி மட்டும் அனுப்பவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். எல்லோரும் அழைத்தார்கள்.

முதல் ஆள் நான் பேசியது கேட்காமல் நாலு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது ஆள், “அண்ணன் இல்லையா? ஆம்பளைங்க யார்கிட்டயாவது குடுங்க” என்றார். மூன்றாவது அழைப்பை எடுக்காமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அது அங்கேயும் அடித்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். “குடு இங்க.”

அப்பா இதற்குள் வந்தது இப்படித்தான் அண்ணா. என் கூச்சத்தால். வேறு யாரும் அவரை இழுக்கவில்லை.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓய்வுபெற்ற இந்த எட்டு மாதத்தைப் பற்றி நாங்கள் உன்னிடம் அதிகம் சொல்லவில்லை. இன்னும் மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார். முகம் மழித்து, பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டு, போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்காருகிறார். முதல் டிரிப் எடுக்கப்போகிற ஆள் மாதிரியே. அதற்குப் பிறகு போக இடமில்லை. விடிந்ததும் அம்மாவின் வேலைகளை மேற்பார்வை செய்ய ஆரம்பித்துவிடுவார். காய்கறிக்காரர் ஏழு நிமிஷம் லேட், பால் மூன்று நிமிஷம் முன்னால் பொங்கிவிட்டது. ஒரு நாள் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்க ஆபீஸ்ல இவருக்கு எதாச்சும் டூட்டி போட்டுக் குடேன்டி, சம்பளம்கூட வேணாம்” என்றாள்.

பார்க்க வருகிறவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டுமே. அம்மாவுக்கும் எனக்கும் ஓட்டத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தார்ப்பாயை விலக்கினார். பஸ்ஸைப் பார்க்கிற மாதிரியே ஒரு சுற்று வந்தார். நான்கு டயரையும் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டார். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே இறங்கினார். ஏறினார் என்று எழுத முடியாது. “இதுல உக்காரணுமா, விழணுமா?” என்று முனகியபடி அந்த சீட்டுக்குள் தொப்பென்று போனார். நீ வண்டி வாங்கிய ஆறு வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கை பழக்கத்தில் கியர் மேல் போனது. உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். குமிழின் இடப்பக்கத்தில் கட்டைவிரல் எதையோ தேடி, ஓரிடத்தில் போய் நின்றது. பிறகு இறங்கி, ஏற்கெனவே தட்டிப் பார்த்த நான்கு டயரையும் மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்க என்னால் முடியாது, உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிரிக்காமல் படி. அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்த புறாவெல்லாம் பறந்தது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். இதோ நகரும் என்று பார்த்தால் வண்டி நகரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அப்பா இன்ஜினை உறுமவிடுவதும், ஸ்டீயரிங்கிற்குப் பக்கத்திலிருக்கும் சின்ன வட்ட மீட்டரைப் பார்ப்பதும், தலையாட்டுவதுமாக இருந்தார். என்ன என்று கேட்டதற்கு, “காத்து ஏறல” என்றார்.

பஸ்ஸில் பிரேக் பிடிப்பது காற்றினால் அல்லவா. முள் போதுமான அளவுக்கு ஏறாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. முப்பத்தொரு வருஷமாக அவர் தினமும் காலையில் காத்திருந்தது அந்த ஒரு முள்ளுக்காகத்தான். உன் பூஸ்ட் மீட்டரையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். “துள்ளுது, மறுபடி விழுந்துடுது. எங்கயோ லீக்கு. பிரேக் இல்லாம ரோட்டுல எடுத்துட்டுப் போயி யார் மேலயாச்சும் ஏத்தவா?” முக்கால் மணி நேரம் வாசலிலேயே வண்டி உறுமியது. மாடிவீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர், காயாத துணியை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதைவிடப் பெரிய சங்கடம் என்னவென்றால், அப்பா அதை எல்லோரிடமும் நேர்மையாகச் சொன்னார். “வண்டி நல்லாதான் இருக்கு தம்பி. காத்துதான் லீக்காகுது.” டயரிலா என்று கேட்டவர்களிடம், “டயர்ல இல்லப்பா, மீட்டர்ல” என்றார். நாலைந்து பேர் அதோடு போனை வைத்துவிட்டார்கள். போன மாதம் ‘இன்னும் யாரும் வரவில்லையா’ என்று நீ கேட்டாய். காரணம் இதுதான்.

வந்த ஒரே உருப்படியான ஆள் ஒரு பல் டாக்டர். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். எனக்கே அவர் பேசுவது மெதுவாகத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள். அப்பா காற்று லீக் பற்றிச் சொன்னதை முழுசாகக் கேட்டார், சிரிக்கவில்லை. “சார், இது பிரேக்குக்கான காத்து இல்லீங்க. டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்து. நிக்கிறப்போ ஏறாது. ஓடுறப்போதான் ஏறும், அதுவும் மேட்டுல மிதிச்சா” என்றார். சில்லறை இல்லாமல் மாட்டிக்கொண்ட கண்டக்டர் மாதிரி ஆகிவிட்டது அப்பாவின் முகம். ஒரு நிமிஷம்தான். “அப்போ லீக்கு இல்ல?” என்றார். “இல்லீங்க சார்.” “ஏறுங்க.”

நான் பின்சீட்டில். அதைச் சீட்டு என்று சொல்வதற்கு உன்னைத்தான் கேட்க வேண்டும், முழங்கால் என் தாடையில் இடித்தது. பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தி, “எல்லாரும் எறங்குங்க” என்றார். வண்டியின் வயிறு தட்டுமாம். டாக்டரும் நானும் இறங்கி வேகத்தடையை நடந்து தாண்ட, காலி வண்டியை அப்பா குறுக்காக, அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்கினார். மறுபடி ஏறினோம். அந்தத் தெருவில் ஐந்து வேகத்தடை. மூன்றாவதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு வந்துவிட்டார்கள். நான்காவதில் கைதட்டினார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. (வேறு மாதிரி நினைக்காதே, அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.)

மேம்பாலம் வந்தது. மூன்றாவது கியரில் அப்பா கொஞ்சம் மிதித்தார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த முள், முக்கால் மணி நேரம் உறுமியும் ஏறாத அந்த முள், மேலே போனது. “ஏறுது! காத்து ஏறுது பாரு!” என்று கத்தினார் அப்பா. நம் அப்பாதான். உச்சியில் காலை எடுத்ததும் வண்டி புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வரும் அதே சத்தம். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “கேட்டியா? நம்ம வண்டி மாதிரியே மூச்சு விடுது.”

தகர டப்பா என்றுதானே சொல்வார் அதுவரைக்கும்.

மறுநாள் விடியற்காலை நான்கு ஐம்பதுக்கு வாசலில் வண்டிச் சத்தம். அவருடைய பழைய முதல் டிரிப் நேரம். கேட்டால், “ஓட்டாம வச்சா பேட்டரி எறங்கிடும், வாங்குறவன் என்ன நெனப்பான்” என்றார். அன்றிலிருந்து பேட்டரி தினமும் இறங்கப் பார்க்கிறது, அப்பா தினமும் காப்பாற்றுகிறார். வேகத்தடையே இல்லாத ஒரு பாதையை நான்கு நாள் தேடிக் கண்டுபிடித்தார். ஆற்றங்கரைச் சாலை, பழைய சந்தை, மேம்பாலம், திரும்பி வீடு. நோட்டுப் புத்தகத்தில் புறப்பட்ட நேரம், வந்த நேரம், ஓடிய தூரம் எல்லாம் எழுதுகிறார். முதல் பக்கத்தில் தன் பழைய பஸ்ஸின் தடம் எண் பதினான்கு என்று போட்டிருக்கிறார். வந்ததும் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அணைக்கிறார், டர்போவுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்து டீ போடுகிறாள். “முன்னாடி உங்கண்ணன் வர்ற சத்தத்துக்கு எழுந்து சோறு போட்டேன். இப்போ இவருக்கு. எனக்கு இந்த வண்டிகிட்ட இருந்து விடுதலையே இல்ல” என்கிறாள், சிரித்துக்கொண்டே. காய்கறிக்காரர் இப்போது எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. முன்பக்கத்தில் கீழே ஒட்டினாற்போல இருக்குமே கறுப்பாக ஒரு உதடு, அதில் ஒரு விரிசல். இரண்டாம் நாள் சாக்கடை மூடியில் இடித்துவிட்டார். கறுப்பு டேப் ஒட்டி, மேலே மண்ணைத் தேய்த்து, “அவனுக்குத் தெரிய வேணாம்” என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

இதற்குள் ஒரு பார்ட்ஸ் புரோக்கரும் வந்தார். நீ கேட்ட விலையைவிட அதிகமாகக் கொடுக்கிறேன் என்றார், வண்டி வேண்டாம், இன்ஜினும் சக்கரமும் மட்டும் போதும். “கொடலை மட்டும் எடுத்துக்குறேன் அண்ணே, தோலை எடைக்குப் போட்டுடலாம்.” அப்பா எழுந்து நின்றார். “உசுரோட நிக்குது, உனக்குத் தெரியல? கெளம்பு மொதல்ல. செருப்பு அங்க இருக்கு.” அந்த ஆள் போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தார், திரும்பி வந்துவிடுவானோ என்று பார்க்கிற மாதிரி. அதற்கப்புறம் போன் வந்தால் வண்டியின் குறைகளைத்தான் முதலில் சொல்கிறார். மழை பெய்தால் இடது கதவு ஒழுகும், முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் விற்கிறவர் சொல்கிற வரிசை அதுவல்ல.

டாக்டர் மட்டும் அசரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். நீ கேட்ட விலைக்கே சம்மதம், வண்டியைப் பிரிக்க மாட்டேன், வருகிற ஞாயிறு பத்து மணிக்குப் பணத்தோடு வருகிறேன் என்றார். நல்ல மனிதர், நல்ல விலை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. முன்பணம் எடுத்து நீட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அதெல்லாம் எதுக்குங்க. ஞாயித்துக்கெழம வாங்க, பாத்துக்கலாம்” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “ஒண்ணு மட்டும். அந்தக் கியர் குமிழை நான் கழட்டிக்குறேன். வேற புதுசா போட்டுத் தர்றேன்.”

அது பழசுதானே சார், ஏன் என்று டாக்டர் கேட்டார். நான் டீ டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தேன். அப்பா வண்டிக் கதவைத் திறந்து குமிழைத் தொட்டுக் காட்டினார். “இது என் பஸ்ஸுதுங்க. பதினோரு வருஷம் ஓட்டின வண்டி. இங்க பாருங்க, கட்டவெரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம். அத இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணி ஏலத்துல வித்துட்டாங்க. கடைசியா ஒரு தடவ பாக்கக்கூட விடல. எந்தப் பழைய இரும்புக் கடையில போயித் தேடினானோ, கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்து இதுல மாட்டியிருக்கான் என் பையன். சொல்லவே இல்ல.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ‘என் பையன்’ வந்தது அன்றைக்குத்தான், அதுவும் ஒரு பல் டாக்டரிடம்.

அன்று மத்தியானம் நானே ஸ்பானருக்குப் போன் செய்தேன். ஆமாம், நானே. நீ மூன்று இரும்புக் கடை ஏறி இறங்கியதையும், அந்தக் குமிழ் இந்த வண்டிக்குப் பொருந்துவதற்காக அவன் தனியாக ஒரு திருகு கடைந்து கொடுத்ததையும் சொன்னான். அப்பாவின் பிறந்தநாளன்று அவரை இந்த வண்டியில் டிப்போவில் கொண்டுபோய் இறக்குவதாக இருந்தாயாம். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அந்தச் சண்டை.

அன்றைக்கு நான் கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது. நீ ராத்திரி வண்டியை உறுமவிட்டதில் அப்பாவுக்குத் தூக்கம் போய், விடியலில் அசந்து, வாழ்க்கையில் முதல்முறையாக முதல் டிரிப்பைத் தவறவிட்டார். மெமோ கொடுத்தார்கள். “உன் வண்டிச் சத்தத்துல என் வண்டி போயிடுச்சுடா. ஒண்ணு அது இந்த வாசல்ல நிக்கணும், இல்ல நான்” என்றார். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். யார் நிற்பது என்று கேட்டதற்கு வண்டியை நிற்க வைத்துவிட்டு நீ போய்விட்டாய். அப்போது குமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணா. சொல்லாதது உன் குணம். கேட்காதது அவர் குணம். கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பது என் குணம். நம் மூன்று பேருக்கும் நடுவில் அம்மா ஒருத்திதான் பேசுகிறாள், அவளும் ஸ்பீக்கரில்.

அந்த ஞாயிறு டாக்டர் கிளம்பியபோது அவரை வழியனுப்பத் தெருமுனை வரை நான் போயிருந்தேன். அங்கே அவர் சொன்னார்: “நான் தெனம் பல்லு புடுங்குற ஆளும்மா. ஆடுற பல்லு எது, ஆடாத பல்லு எதுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பாகிட்ட இருந்து இந்த வண்டிய எடுத்தா, மரத்துப்போற ஊசி போடாம எடுக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வண்டி ஆசைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் வேற பாத்துக்குறேன். சொல்லலேன்னா பத்து மணிக்கு வர்றேன்.” சரி என்றேன். “என்ன?” என்றார். அவருக்கே கேட்கவில்லை. “சரிங்க” என்று சத்தமாகச் சொன்னேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவுதான் செய்தி. அப்பா ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திங்கட்கிழமை வண்டிக்கு மெழுகு போட்டுத் துடைத்தார். நேற்று சந்தையில் புதுக் குமிழ் ஒன்று வாங்கிவந்து காகிதம் பிரிக்காமல் ஜன்னலில் வைத்திருக்கிறார். விற்க வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார். அது உன் வண்டி, விற்கச் சொன்னது நீ, உன் வார்த்தையை மீறக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். நீயோ வாசல் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுதான் விற்கச் சொன்னாய். அந்த வாசலை அவர் எட்டு மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணா. வண்டி போய்விட்டால் அங்கே நிழல் கூரை எதற்கு? எது நிற்க?

உனக்குப் பணம் வேண்டியிருந்து, நீ அதைச் சொல்லவில்லை என்றால், தயவுசெய்து விற்றுவிடு. ரசீதை நானே எழுதுகிறேன், மேற்படி என்று எத்தனை இடத்தில் வேண்டுமோ அத்தனை இடத்தில் போட்டு. டாக்டர் நன்றாகப் பார்த்துக்கொள்வார். அப்பாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் உன்னைக் குறை சொல்லவும் மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். வெல்டிங் கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்க்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இங்கே ஒருவருக்கும் இல்லை. பேப்பருக்குப் பின்னால் இருப்பவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாத
உன் தங்கை

கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இதைப் படித்ததும் ஒரு போன் செய். அம்மா நம்பருக்கு வேண்டாம், அப்பா நம்பருக்கு. அவர் போனில் ஸ்பீக்கர் போட அவருக்குத் தெரியாது, காதில் வைத்துதான் பேசுவார். சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம். குமிழைப் பற்றியும் வேண்டாம். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. விற்பதா வேண்டாமா என்றுகூட முதலிலேயே எடுக்காதே. “அப்பா, மேம்பாலத்துல முள்ளு எவ்வளவு ஏறுது?” என்று மட்டும் கேள். மீதியை அவர் சொல்வார். அவர் முடிக்கும் வரைக்கும் வைத்துவிடாதே.